ஊட்டியைக் கண்டுபிடித்தவர் யார்?

நம்மவர்களுக்குப் பழமையின் மேல் ஆசை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆசை ஏராளமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பழமை, விமானம் ஏறிப் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சென்ற கோடையில் இத்தாலிக்குப் போய் வந்தது. நேப்பிள்ஸுக்குத் தெற்கே அமால்ஃபிக் கடற்கரை. அதற்கு மேலே மலை முதுகில் ராவெல்லோ என்று ஒரு சிறிய ஊர். அதைப் பற்றி ஒரு மாலை முழுவதும் பேசினார்கள். கடற்கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து மலைமேல் கட்டிய வீடுகள். ஏறி ஏறி மூச்சு வாங்கும் கல் படிகள். 1179-இல் வார்த்த வெண்கலக் கதவுள்ள கோயில். "நூற்றுக் கணக்கான வருஷமாக அதே தெருவிலே ஜனங்கள் வாழ்கிறார்கள், சார்! சரித்திரம் என்றால் அதுதான்!" என்றார் குடும்பத் தலைவர்.

நல்ல ரசனைதான். ராவெல்லோ பார்க்க வேண்டிய ஊர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்று: "நம் நீலகிரியில் அப்படிப் பழைய மலைக் கிராமம் ஏதாவது பார்த்திருக்கிறீர்களா?"

அவர் சிரித்தார். "ஊட்டியிலா? வருஷா வருஷம் போகிறோமே! அங்கே ஏது பழைய கிராமம்? சல்லிவன் துரை கண்டுபிடிக்கிற வரைக்கும் அது வெறும் காடுதானே?"

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராக எழுதப்படுகிறது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வாக்கியம் அவருடையதே அல்ல. பள்ளிப் புத்தகம், சுற்றுலாத் துண்டுப் பிரசுரம், வழிகாட்டிப் பையன், நம் சினிமா, நம் கதைகள் எல்லாம் சேர்ந்து அவர் வாயில் வைத்த வாக்கியம் அது. 2022-இல் உதகைக்கு 200 வயது என்று அரசாங்கமே விழா எடுத்தது. நகரத்துக்கு 200 வயது என்றால் சரி. மலைக்கே 200 வயது என்று நினைத்துக் கொள்வதில்தான் கோளாறு.

சரித்திரம் என்ன சொல்கிறது? ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் என்பவன் நீலமலையைக் கைப்பற்றியதாகவும், தோடர்களை அச்சுறுத்தியதாகவும் சாமராஜநகரத்துக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. அதன் ஆண்டு 1117. ராவெல்லோவின் வெண்கலக் கதவுக்கு அறுபத்திரண்டு வருஷம் மூத்தது. மலையின் பெயரும் அதில் இருக்கிறது; மலைமேல் இருந்த மக்களின் பெயரும் இருக்கிறது. 'வெறும் காட்டை' அச்சுறுத்திப் பெருமை பேசிய தளபதி உலகத்தில் எங்காவது உண்டா?

பிறகு, பவானியும் மோயாறும் கூடுமிடத்தில் தண்டநாயகன் கோட்டை எழுந்தது. மலைக்கு வாசலாக இருந்த அந்தக் கோட்டையை 1950-களில் பவானிசாகர் அணையின் நீர் மூடிவிட்டது. மலைமேலேயும் மூன்று கோட்டைகள் இருந்தன: குன்னூர்ப் பக்கம் ஹுலிகல் துர்க்கம், கோத்தகிரிப் பக்கம் உதயராயன் கோட்டை, சீகூர் பக்கம் மலைக்கோட்டை. யாரும் இல்லாத இடத்துக்கு யார் கோட்டை கட்டுவார்கள்?

இத்தாலிப் பிரியர்களுக்காக இன்னொரு செய்தி. நீலகிரிக்கு ஏறி அதைப் பற்றி எழுதி வைத்த முதல் ஐரோப்பியர் ஆங்கிலேயர் அல்லர். காப்புவா என்ற ஊரில் பிறந்த இத்தாலியப் பாதிரியார் ஜாகோமோ ஃபெனிசியோ. ராவெல்லோவும் காப்புவாவும் இன்று ஒரே மாநிலத்தில் இருக்கின்றன! மலைமேல் பழைய கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள் என்ற வதந்தியைக் கேட்டு, 1603-இல் கள்ளிக்கோட்டையிலிருந்து புறப்பட்டு மேலே ஏறினார். கிறிஸ்தவர்களைக் காணவில்லை. தோடர்களையும் படகர்களையும் கண்டார், எருமையும் பூசாரியுமாக அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையைக் கண்டார், எழுதினார். சல்லிவனுக்கு 216 வருஷம் முன்பே ஓர் இத்தாலியர் நம் மலைக் கிராமத்தைப் பார்க்க வந்திருக்கிறார். நாம் இன்னும் போகவில்லை.

சல்லிவன் மேலே வந்தது 1819 ஜனவரியில். அதற்கு முன்பே 1812-இல் சர்வேயர் கீஸும், 1818-இல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரு கும்பினி உத்தியோகஸ்தர்களும் வந்து போனார்கள். எல்லாரும் ஏறியது மலைவாசிகள் நடந்து நடந்து பதித்த பாதையில். திப்புவின் காலத்திலேயே அந்த ஊர்கள் வரி கட்டின. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் வரியோடு சேர்த்து மலையும் கும்பினியின் கைக்கு வந்தது. வரிக் கணக்கில் ஏறிய ஊரை இருபது வருஷம் கழித்து ஒருவர் 'கண்டுபிடித்தார்' என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்!

கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் சல்லிவனின் முதல் பங்களா இன்று நினைவகமாக இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் சுற்றியிருக்கும் ஊரையும் ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும். அது படகர் கிராமம். 'கண்டுபிடித்தவர்' வீடு கட்டியதே மற்றவர்களுடைய ஊரை ஒட்டித்தான். நியாயமாக ஒன்றும் சொல்லிவிடுகிறேன்: இந்த நிலம் தோடர்களுக்கு உரியது, எடுத்துக்கொண்டால் ஈடு கொடுக்க வேண்டும் என்று தம் மேலதிகாரிகளோடு வாதாடியவர் சல்லிவன். அவர் ஒப்புக்கொண்டதை, அவரைக் கொண்டாடுகிற நாம் ஒப்புக்கொள்வதில்லை.

நாம் ஊட்டிக்குப் போய் என்ன பார்க்கிறோம்? தாவரவியல் பூங்கா, படகுத் துறை, தொட்டபெட்டா, குன்னூரில் லாம்ப்ஸ் ராக், டால்ஃபின்ஸ் நோஸ், லேடி கானிங் சீட். ஒரு கவர்னர் ஜெனரலின் மனைவி உட்கார்ந்து படம் வரைந்த பாறை நமக்குத் தீர்த்த ஸ்தலம் ஆகிவிட்டது. அதே சாலையில் மேலே போனால் வருவது ஹுலிகல் துர்க்கம். அதற்கு நம்மவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ட்ரூக்'. துர்க்கம் என்ற நம் சொல்லை ஆங்கிலேயன் வாயால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அவன் குழறியதையே நாமும் குழறுகிறோம்.

துர்க்கத்துக்கு நான் நடந்து போயிருக்கிறேன். தேயிலைத் தோட்டம் முடிந்து சோலைக்காடு வந்து, கடைசியில் செங்குத்தான ஏற்றம். உச்சியில் கோட்டை என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. கொஞ்சம் இடிந்த சுவர். ஆனால் அங்கே நின்று கீழே பார்த்தால் மேட்டுப்பாளையமும் கோயமுத்தூர்ச் சமவெளியும் பாய் விரித்தாற்போல் கிடக்கின்றன. எதிரியின் தூசி ஒரு நாள் முன்னதாகவே கண்ணில் பட்டுவிடும். அமால்ஃபிக் கரையில் கடலைப் பார்த்துக் காவல் கோபுரம் கட்டியவனின் புத்தியும் இங்கே சமவெளியைப் பார்த்துக் கோட்டை கட்டியவனின் புத்தியும் ஒன்றுதான். நான் போன தினத்தில் அங்கே என்னைத் தவிர நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் தங்களைத் தாங்களே படம் எடுத்துக் கொண்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில் ஒரு படகர் ஹட்டிக்குப் போனேன். ஹட்டி என்றால் ஊர். மலைச் சரிவில் ஒரே வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வாசல்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்தவை. முன்னால் ஊர் முழுவதற்கும் பொதுவான முற்றம். எதிரே வந்த ஓர் இளைஞன் குனிந்து தலையைக் கொடுக்க, திண்ணையில் இருந்த பெரியவர் அதைத் தொட்டு வாழ்த்தினார். அவன் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் என்று பிறகு தெரிந்தது.

"எங்கிருந்து வரீங்க, சார்? ஊட்டி பார்க்கவா?" என்றார் பெரியவர்.

"உங்க ஊரைப் பார்க்க வந்தேன், ஐயா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்கே என்ன இருக்கு? ஒரு பார்க்குகூட இல்லையே!"

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. 'இங்கே ஒன்றும் இல்லை' என்று நாம் சொல்லிச் சொல்லி, அந்த ஊர்க்காரரே அதை நம்பத் தொடங்கியிருக்கிறார். ஆனால் காபி வந்த பிறகு அவரே பேச ஆரம்பித்தார். முன்னால் கிடக்கும் கல்லில் உட்கார்ந்துதான் ஊர் நியாயம் பேசுவார்கள். பாலுக்கென்று வீட்டுக்குள் தனி அறை உண்டு. தேயிலை வருவதற்கு முன் இந்தச் சரிவெல்லாம் சாமையும் ராகியும். தம் பாட்டனுக்குப் பாட்டன் வரை பெயர் சொன்னார். ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு ஊரே வெள்ளை உடுத்திப் போவதைச் சொன்னார். மைசூர்ச் சீமையிலிருந்து மேலேறி வந்தவர்கள் என்று ஒரு வழக்கு. இந்த மலையிலேயே பிறந்தவர்கள் என்று வாதிடுவோரும் அவர்களிடையே உண்டு. இரண்டில் எது சரியானாலும் சல்லிவன் வரும்போது அவர்கள் அங்கே இருந்தார்கள்.

அவர்கள் மட்டுமா? ஏழு கோத்தர் ஊர்கள். அவர்கள் இரும்படித்தார்கள், அவர்கள் பெண்கள் பானை வனைந்தார்கள், மற்றவர் வீட்டுச் சாவுக்கும் அவர்களே வாத்தியம் வாசித்தார்கள். தோடர் நெய் தந்தார்கள், படகர் தானியம் தந்தார்கள், குறும்பர் தேன் தந்தார்கள். கொடுக்கல் வாங்கலும் மனஸ்தாபமுமாக ஒரு முழு உலகம் அங்கே நடந்தது. எமனோ என்ற அறிஞர் 1935-இலிருந்து மூன்று வருஷம் இங்கே தங்கித் தோடர், கோத்தர் மொழிகளைக் கற்று அவர்கள் பாட்டையும் கதையையும் எழுதி வைத்தார். இரண்டும் தமிழுக்கு உடன்பிறந்த மொழிகள். அதைக் கேட்க வெளிநாட்டார் வந்தார். நமக்குக் காது இல்லை.

'சரி ஐயா, தெரியாமல் இருந்தால் என்ன குடி முழுகிவிட்டது?' என்று கேட்கலாம். முழுகித்தான் இருக்கிறது. சரித்திரம் இல்லாத இடத்தை எடுத்துக்கொள்வது சுலபம். தோடர்களின் எருமை மேய்ந்த புல்வெளியைத் 'தரிசு' என்று எழுதினார்கள். எழுதிய பிறகு அதில் சீகை மரமும் தைல மரமும் நட்டார்கள். வெள்ளைக்காரன் தொடங்கினான், சுதந்திரம் வந்த பின் நாம் இன்னும் மும்முரமாக நட்டோம். மலையின் பழங்கல்லறைகளைத் தோண்டியெடுத்த அழகிய வெண்கலக் கிண்ணங்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. இன்று சரிவை வெட்டி விடுதி எழுப்புகிறவரும் 'சும்மா கிடந்த இடம்' என்றுதான் சொல்கிறார். 2009 நவம்பர் மழையில் நீலகிரியின் சரிவுகள் இடிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர் மாண்டார்கள். எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவர்கள் பக்கத்து ஹட்டியில் இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

என் ஜாதியார், அதாவது கதை எழுதுகிறவர்கள், இதில் மற்றவர்களை விடக் குற்றவாளிகள். நம் நாவல்களில் ஊட்டிக்கு மூன்றே உபயோகம்: தேனிலவு, காச நோய், கொலை. பனி மூட்டம், ரோஜா, பங்களா, காவல்காரன். ராஜம் கிருஷ்ணன் 1963-இல் 'குறிஞ்சித் தேன்' எழுதிப் படகர் வாழ்க்கையை நாவலாக்கிக் காட்டினார். அவர் போட்ட பாதையில் எத்தனை பேர் நடந்தோம்? விரல் விட்டு எண்ணலாம்; விரல்கள் மிஞ்சும்.

இனி, எதிர்ப்பக்கத்து வாதம் ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். 'அப்படியானால் பஸ் பஸ்ஸாக ஜனங்களை அந்தக் கிராமங்களில் இறக்கச் சொல்கிறீரா?' இல்லவே இல்லை. இத்தாலியக் கடற்கரை ஊர்களில் பழைய வீடுகள் எத்தனையோ விடுமுறை வீடுகளாகிவிட்டன. தெரு நிறையப் பொம்மைக் கடைகள். உள்ளூர்க்காரன் வாடகை கொடுக்க முடியாமல் கீழே இறங்குகிறான். அந்தக் கதி நம் ஹட்டிகளுக்கு வேண்டாம். தாவரவியல் பூங்காவுக்கு மேலேயே மஞ்சக்கல் மந்து என்ற தோடர் குடியிருப்பு இருக்கிறது. ஏறிப் போகிற சிலர் என்ன செய்கிறார்கள்? கேட்காமல் படம் எடுக்கிறார்கள். போர்வையைப் பிடித்துப் பார்த்து விலை பேரம் செய்கிறார்கள். சுமார் இரண்டாயிரம் பேரே உள்ள ஒரு ஜன சமூகத்தை மிருகக்காட்சி சாலை போலப் பார்ப்பதைவிடப் பார்க்காமலே வருவது புண்ணியம்.

நான் கேட்பது பிரயாணத்தை அல்ல, அறிவை. பள்ளிப் புத்தகத்தில் 1819-க்கு முன்னால் 1117-ஐ எழுதுங்கள். துர்க்கத்துக்கு ஏறும் பாதையில் அதன் சரியான பெயரைத் தமிழில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். சரிவில் கட்டடம் கட்ட அனுமதி கொடுக்கும் முன் அந்தச் சரிவின் பழைய பெயர் என்ன, அது யாருக்கு மேய்ச்சல், யாருக்குச் சுடுகாடு என்று ஊர்ப் பெரியவரிடம் கேளுங்கள். கதை எழுதுகிறவர்கள் பங்களாவை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடங்கள்.

2024 மே மாதத்திலிருந்து, நீதிமன்ற உத்தரவுப்படி, ஊட்டிக்குப் போக இ-பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது. அதில் ஊர், பெயர், வண்டி எண் எல்லாம் கேட்கிறார்கள். கூட ஒரு கேள்வியையும் சேர்த்தால் தேவலை: 'நீங்கள் போகிற இடத்தில் யார் வாழ்கிறார்கள் தெரியுமா?' பதில் எழுதத் தெரிந்தவர்கள் மட்டும் மலை ஏறட்டும். சாலை நெரிசலும் வெகுவாகக் குறையும்.