கும்பலுக்கு முகம் உண்டு

"கலவரத்துல யார் மேல சார் கேஸ் போடறது? அது கும்பல்." போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் இருந்த ஓய்வுபெற்ற அதிகாரி சொன்னார். சுற்றி இருந்த நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. படித்தவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள்.

1984 டெல்லியைப் பாருங்கள். அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் திரிலோக்புரி, சுல்தான்புரி, மங்கோல்புரி என்று சீக்கியர்களைத் தேடிக் கும்பல்கள் இறங்கின. ஜனங்கள் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்களாம். உணர்ச்சிவசப்பட்டவன் கையில் வாக்காளர் பட்டியல் எப்படி வந்தது? எந்தக் கதவு சீக்கியர் வீட்டுக் கதவு என்று அதைப் பார்த்துத்தானே அடையாளம் கண்டார்கள்! ஆண்களை இழுத்துவந்து கழுத்தில் டயரை மாட்டி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். அத்தனை டயரையும் மண்ணெண்ணெயையும் யாரோ சேகரித்தார்கள், யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களுக்குப் பெயரும் விலாசமும் உண்டு. அரசுக் கணக்கிலேயே டெல்லியில் செத்தவர்கள் 2,733 பேர்.

பாலம் பகுதி ராஜ் நகரில் ஒரு பெண்ணின் கணவரையும் மகனையும் கும்பல் கொன்றது. அந்தக் கூட்டத்தின் முன் நின்று தூண்டிப் பேசியவர் காங்கிரஸ் எம்.பி. சஜ்ஜன் குமார் என்று அந்தப் பெண் சாட்சி சொன்னார். கும்பலுக்கு முகம் இல்லையென்றால் அவர் பார்த்தது யாரை? 2013இல் கீழ்க்கோர்ட் சஜ்ஜன் குமாரை விடுவித்தது. அந்தப் பெண் அசரவில்லை. 2018 டிசம்பர் 17 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், நீதிபதிகள் எஸ். முரளிதரும் வினோத் கோயலும் அமர்ந்த அமர்வு, சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. சரஸ்வதி விஹாரில் ஒரு தந்தையும் மகனும் கொல்லப்பட்ட வழக்கில் 2025 பிப்ரவரியில் அதே ஆளுக்கு இன்னோர் ஆயுள் தண்டனை. சாட்சி இருந்தது, சட்டம் இருந்தது. முதல் தண்டனைக்கே 34 வருஷம் ஆனதென்றால், இல்லாமல் போனது அரசாங்கத்துக்கு மனசு.

சட்டம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. 1860இல் எழுதி, 2024 ஜூலை வரை நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 149வது பிரிவே போதுமானதாக இருந்தது. சட்டவிரோதக் கூட்டத்தில் பொது நோக்கத்தோடு நின்றவன் ஒவ்வொருவனும் அந்த நோக்கத்துக்காக நடந்த குற்றத்துக்குப் பொறுப்பு. தீக்குச்சி கிழித்த கை எது என்று தேடி மாய வேண்டியதில்லை.

சாட்சி சொல்ல ஆள் வந்தால் போலீஸ் எழுதிக்கொள்ளாது. கூச்சல் பெருகினால் கமிஷன் போடுவார்கள். 1992-93 பம்பாய்க் கலவரத்தில் சுமார் 900 பேர் செத்தார்கள். ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் போலீஸ்காரர்களின் பெயரைச் சொல்லியே அறிக்கை கொடுத்தது. என்ன ஆயிற்று? டெல்லியில் நடந்ததைப் போலவே, 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்கள் கையிலும் வாக்காளர் பட்டியல்தான். அங்கேயும் கும்பல் என்றுதான் கைகழுவினார்கள். அதைக் கேட்டு நெஞ்சு கொதித்த நாம் டெல்லிக்கு மட்டும் அதே சாக்கை ஏற்கலாமா?

இன்னொரு கூத்து இப்போது நடக்கிறது. கும்பலுக்கு முகமில்லை என்பவர்களே, கலவரம் முடிந்த சூட்டோடு யாரோ ஒருவன் வீட்டுக்குப் புல்டோசர் போனால் கைதட்டுகிறார்கள். விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, அந்த வீட்டுக் குழந்தைகள் தெருவில். அப்போது மட்டும் முகம் எங்கிருந்து முளைத்தது? குற்றம் சாட்டப்பட்டவன் என்பதற்காக வீட்டை இடிக்கக் கூடாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

மானுடத்துக்கு எதிரான குற்றம் என்றொரு பிரிவு நம் சட்டத்தில் இல்லை, அந்த ஓட்டையை அடையுங்கள் என்று சஜ்ஜன் குமார் தீர்ப்பிலேயே நீதிபதிகள் எழுதினார்கள். பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தப் பிரிவு இல்லை.