மீன்தொட்டியும் பாசியும்

கண்ணாடித் தொட்டியிலே நீர்ச்செடிகளை நட்டு மீன் வளர்க்கும் ஆசை போடிநாயக்கனூர் வீடுகளிலும் புகுந்திருக்கின்றது. உடன் ஒரு குறையும் எழுந்துளது. சின்னாளிற் கண்ணாடி பசுமை பூக்கின்றது. இலைகளை மயிர்போன்ற இழைகள் சுற்றிக்கொள்கின்றன. உடனே கடையிலிருந்து பாசிக்கொல்லி மருந்து வருகின்றது. இவ்வழக்கம் தகாதென்பதே எம் கருத்து.

சென்ற கோடை விடுமுறையில் யாம் தங்கியிருந்த ஓரில்லத்தில் மாலையில் அம்மருந்தை ஊற்றினர். மறுநாட் காலையில் நீர் தெளிந்திருந்தது. ஆனால் நத்தைகள் செத்து அடியிற் கிடந்தன. மீன்கள் நீர்மட்டத்தில் வாய்பிளந்து தவித்தன. இத்தகைய மருந்துகள் பலவற்றிற் செம்புச்சத்து உண்டு. அது நத்தைக்கும் இறாலுக்கும் நஞ்சு. செத்த பாசியோ அழுகும்பொழுது நீரிலுள்ள பிராணவாயு குறைந்துபோம். அழுகிய எச்சம் அடுத்த பாசிக்கு எருவாகும்.

தேய்த்துக் கழுவினாற் போதாதோ எனின், குறுந்தொகையின் 399-ஆம் பாட்டைப் பாடிய பரணரே விடை தருகின்றார். கைபட்டால் விலகிக் கையெடுத்தால் மூடிக்கொள்ளும் பாசியையன்றோ தலைவியின் பசலைக்கு அவர் உவமையாக்கினார்?

பாசியின் உயிர் ஒளியிலும் எருவிலும் இருக்கின்றது. இதனைப் போடியார்க்கு யாம் கற்பிக்க வேண்டுவதில்லை. ஏலச்செடி முழுவெயிலிற் கருகும். நிழல் மிகின் காய்ப்புக் குன்றும். ஆகவே மலைத்தோட்டத்தார் மழைக்கு முன்னரே நிழல்மரக் கிளைகளை அளவறிந்து கழிப்பர். வெயிலை இத்துணைக் கணக்காக அளந்து கொடுப்பவர் வீட்டிலே தொட்டி மட்டும் மேற்குச் சன்னலோரம் நிற்கின்றது! அதனை வெயில் படாத இடத்தில் வைத்து, விளக்கை நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரமே எரித்தல் வேண்டும். இரையும் 2 நிமிடத்தில் மீன்கள் தின்று தீர்க்குமளவே போதும். வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றுக. குழாய்நீராயின் குளோரின் நீக்கியே ஊற்றுக.

மருந்தினும் வலியது செடியே. விரைந்து வளரும் செடிகள் அடர்ந்திருப்பின் நீரிலுள்ள எருவைத் தாமே உண்டு பாசியைப் பட்டினி போடும். ஆனால் வேலம்பாசி முதலிய நல்ல நீர்ச்செடிகளுக்கும் தமிழிற் பாசியென்றே பெயர் வழங்குவதால், சிலர் நோயோடு மருந்தையும் பிடுங்கி எறிகின்றனர். பெயரால் வந்த கேடு இது!

1850-இல் ராபர்ட் வாரிங்டன் என்னும் ஆங்கிலேய இரசாயன அறிஞர் இரண்டு பொன்மீன்களை வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியோடு வளர்த்த செய்தியை வெளியிட்டார். அழுகிய இலைகளாலும் படிந்த பசுமையாலும் நீர் கெடவே, அவர் நத்தைகளை விட்டார்; அவை அவற்றை மேய்ந்து தீர்த்தன. இலண்டன் மருந்துச்சாலையொன்றிற் பணிபுரிந்த அவரே நாடியது மருந்தையன்று, நத்தையை!

புதுத்தொட்டியில் முதற் சில வாரங்களிலே தவிட்டுநிறப் படிவு தோன்றுதல் இயல்பு. அதற்கஞ்சித் தொட்டியைக் கலைக்க வேண்டா. செடிகள் வேரூன்றியபின் பெரும்பாலும் அது தானே அகலும்.