பூட்டு மட்டும் போதாது

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தாராவியில் நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்கும். பெட்டி படுக்கையோடு குடும்பங்கள் ஊருக்கு ரயில் ஏறிவிடும். ஒரு மாதம் கழித்துத் திரும்பினால் சில கதவுகளில் பூட்டு அப்படியே இருக்கிறது, தாழ்ப்பாள்தான் பெயர்ந்து கிடக்கிறது. மகள் கல்யாணத்துக்கென்று சீட்டுக் கட்டி எடுத்த இரண்டு பவுனும், கடனில் வாங்கிய தையல் எந்திரமும் போன இடம் தெரியாது. தெருவோரம் நிறுத்திய டாக்சி, டெம்போக்களில் கண்ணாடியை உடைத்து பாட்டரியும் ஸ்டெப்னியும் எடுக்கிறார்கள். மாளிகைவாசிக்கு இன்சூரன்ஸ் உண்டு. நமக்கு என்ன உண்டு?

காவல் நிலையத்துக்கு நம்மவர் பலர் போவதே இல்லை. மராத்தியில் தடுமாற வேண்டும், பில் எங்கே என்பார்கள், ஒரு நாள் கூலி போய்விடும். காரணங்கள் நியாயமானவையே. ஆனாலும் போகாதது தவறு என்றே சொல்வோம். எழுதப்படாத திருட்டு, கணக்கில் நடக்காத திருட்டு. கணக்கில் திருட்டு இல்லாத தெருவுக்கு ரோந்து எதற்கு என்றுதான் அவர்களும் கேட்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தரவேண்டியது அவர்கள் கடமை. கேட்டு வாங்குங்கள்.

புகாரோடு நம் வேலை முடியவில்லை. கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய்க்கு வந்து, குடிசைவாசிகளின் தலைவராக உயர்ந்து, 2018-இல் மறைந்த ஜோக்கின் அற்புதம் அவர்களை நம் பெரியவர்கள் அறிவார்கள். காவல் ஆணையர் ஏ. என். ராய் முதலில் புனேயிலும், 2004-இல் மும்பைக்கு வந்த பின் இங்கும், குடிசைப் பகுதிகளில் போலீஸ் பஞ்சாயத்துகளை அமைத்தபோது துணை நின்றவர்கள் ஜோக்கினும் மகிளா மிலன் பெண்களுமே. பகுதிக்குப் பத்துப் பேர். அதில் ஏழு பேர் பெண்கள், மூவர் ஆண்கள். அவர்களோடு ஒரு காவலர்.

ஏழு பெண்கள் என்றது சலுகைக்காக அல்ல. விடியுமுன் எழுந்து இட்லிக் கொப்பரை ஏற்றும் தாய்க்கு, எந்த வண்டியருகே யார் குனிந்து நிற்கிறான் என்று தெரியும். பகலில் சாலுக்குள் வரும் அன்னியக் காலடியும் அவளுக்குத்தான் முதலில் கேட்கும். ஆண்களாகிய நாமோ வேலையில் இருப்போம். அல்லது (சொன்னால் கோபம் வரும்) கேரம் பலகையில் இருப்போம்.

ஆனால் காவலருக்கு உதவுவது வேறு, நாமே காவலராவது வேறு. தமிழகத்தில் 1993-இல் இராமநாதபுரத்தில் தொடங்கிய 'போலீஸ் நண்பர்கள்' அமைப்பு நல்ல நோக்கத்தோடு பிறந்ததுதான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் சித்திரவதையால் மாண்டபோது அந்த அமைப்பினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே அதற்குத் தடை வந்தது. திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்கச் சட்டம் நமக்கும் இடம் தருகிறது. பிடித்தவனை ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். கம்பத்தில் கட்டி அடிக்க எவருக்கும் உரிமை இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திருட்டு என்றதும் நம் பிள்ளைகளே பின் சந்தில் வாடகைக்கு இருக்கும் பீகார், உத்தரப்பிரதேச இளைஞர்களைக் கைகாட்டுகிறார்கள். 1966-க்குப் பின் இந்த நகரில் 'மதராசி' என்றும் 'லுங்கிவாலா' என்றும் விரட்டப்பட்டவர்கள் யார்? மொழியையோ பிறந்த இடத்தையோ காரணமாக வைத்து ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி ஒருவனைக் கொன்றால், ஒவ்வொருவருக்கும் ஆயுள் தண்டனை அல்லது மரண தண்டனை என்கிறது இன்றைய சட்டம். அந்த இளைஞர்களின் அறைகளிலும் செல்போன் திருட்டுப் போகிறது. அவர்களையும் குழுவில் சேருங்கள்.

ஆகவே, ஊருக்குப் புறப்படுமுன் சால்தோறும் ஒரு கூட்டம் கூட்டுங்கள். எந்த வீடு எத்தனை நாள் பூட்டியிருக்கும் என்பது பக்கத்து வீட்டுக்கும் காவல் நிலையத்துக்கும் தெரியட்டும். டீக்கடைக்குத் தெரிய வேண்டாம். நகையை வீட்டில் வைக்காதீர்கள். செல்போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணை எழுதி வையுங்கள். அவசரத்துக்கு 112. கூட்டத்துக்குக் காவல் நிலைய ஆய்வாளரையும் அழையுங்கள். மராத்தி நன்றாகப் பேசும் நம் பெண்கள் முன் வரிசையில் உட்காரட்டும்.