நாலாவது குன்று

கோட்டை பார்க்கப் போகிற பழக்கம் நம் குடும்பங்களில் கிடையாது. லீவு விட்டால் ஆயா வீடு, ஆடி மாசம் கூழ் ஊற்றுகிற ஊர், வேளாங்கண்ணி, இல்லையென்றால் மெரினா. 'ஊர்சுற்றி' என்பதே நம் சேரியில் வசவு. வேலைக்குப் போகாதவனைத் திட்டுகிற சொல் அது. உழைக்க மட்டுமே பிறந்தவர்கள் என்று நம்மைப் பற்றி ஊர்க்காரன் எழுதிவைத்ததை நாமும் பாதி நம்பிவிட்டோம். ஓய்வும் சுற்றுலாவும் பிறத்தியாருக்கு என்று விட்டுக்கொடுத்துவிட்டோம்.

இந்த வருஷம் நாங்கள் போனோம். கிளப்பிவிட்டது பிரான்ஸ் தேசம்!

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் லேத் ஓட்டும் பட்டறையின் முதலாளி, குடும்பத்தோடு பத்து நாள் பிரான்ஸ் போய் வந்தார். வந்ததும் தொழிலாளிகளுக்கு ஆளுக்கு இரண்டு சாக்லேட், செல்போனில் படங்கள். லுவார் ஆற்றங்கரை நெடுக, வயல்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் நடுவே கோட்டைகள், மாளிகைகள். அதில் ஷாம்போர் என்று ஒன்று. முதலாம் பிரான்சுவா என்கிற ராஜா, வேட்டைக்கு வந்தால் தங்குவதற்காக 1519-ல் கட்டத் தொடங்கியது. நானூறுக்கு மேல் அறைகள். கட்டச் சொன்ன ராஜா தன் ஆயுசில் அங்கே தங்கியது மொத்தமே சில வாரங்கள்தான். படங்களை வாங்கி வந்து வீட்டில் காட்டினேன்.

ஒன்பதாவது படிக்கும் என் மகள் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதையாப்பா கொளுத்துனாங்க?"

பாடத்தில் பிரெஞ்சுப் புரட்சி படித்திருக்கிறாள். ஷாம்போரைக் கொளுத்தவில்லை, புரட்சி அரசாங்கம் அதிலிருந்த தட்டுமுட்டுச் சாமான்களை விற்றது, அவ்வளவுதான். ஆனால் 1789 ஜூலை மாசக் கடைசியில், நாட்டுப்புறத்துக் குடியானவர்கள் பல இடங்களில் பிரபுக்களின் மாளிகைகளுக்குள் புகுந்தார்கள். அவர்கள் முக்கியமாகத் தேடியது நகையை அல்ல, ஏடுகளை. எவன் நிலத்துக்கு எவ்வளவு குத்தகை, எவன் எத்தனை நாள் சும்மா உழைக்க வேண்டும், எந்த ஆலையில்தான் மாவு அரைக்க வேண்டும் என்று எழுதிவைத்த ஏடுகள். அவற்றை முற்றத்தில் போட்டு எரித்தார்கள். அந்த நெருப்பின் வெளிச்சத்தில்தான் ஆகஸ்ட் 4 இரவு பாரிசுக்குப் பக்கத்தில் வெர்சாயில் கூடிய சபை, பிரபுக்களின் சலுகைகளை ஒழிப்பதாக அறிவித்தது. அப்போதும் பல வரிகளுக்கு நஷ்டஈடு கட்டித்தான் விடுதலை என்றார்கள். சனங்கள் கட்டவில்லை. 1793 ஜூலையில்தான் நஷ்டஈடு இல்லாமலே எல்லாம் ஒழிந்தது. இன்றைக்குச் சுற்றுலாப் பயணி டிக்கெட் வாங்கி நுழைகிற வாசல்களில் பல, ஒரு காலத்தில் குடியானவன் கையில் தீப்பந்தத்தோடு நுழைந்த வாசல்.

"நாமளும் ஒரு கோட்டைக்குப் போலாம்ப்பா" என்றான் சின்னவன்.

பிரான்சுக்காரன் ஆண்ட கோட்டையே நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. செஞ்சி. 1750-ல் பூசி என்கிற பிரெஞ்சுத் தளபதி ராத்திரியோடு ராத்திரியாகப் பிடித்தான். 1761-ல் புதுச்சேரி விழுந்த பிறகு ஆங்கிலேயனிடம் விட்டான். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுபோனவை என்றுதான் சொல்கிறார்கள். 2025 ஜூலையில் அதே பிரான்சின் தலைநகரில் கூடிய யுனெஸ்கோ குழு, மராட்டியர்களின் ராணுவக் கோட்டைகள் என்ற பேரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில்; பன்னிரண்டாவது செஞ்சி.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை திருமுல்லைவாயலில் கிளம்பி, கிளாம்பாக்கம் போய், திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை போகிற பஸ்ஸைப் பிடித்தோம். நான், வீட்டுக்காரி, பிள்ளைகள் இரண்டு பேர், எங்கம்மா. தூக்குச் சட்டியில் புளிசோறு, கருவாட்டு வறுவல்.

எங்கம்மா சித்தாள். மொகப்பேரில் வீடுகள் எழும்பின காலத்திலிருந்து முட்டி தேய்கிற வரைக்கும் கல்லும் கலவையும் சுமந்தவள். செஞ்சிச் சுவரைப் பார்த்ததும் மற்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அம்மா மட்டும் கிட்டப் போய்க் கல்லைத் தடவினாள். "இம்மாங் கல்லு. இத்த கயித்துல கட்டி இழுத்திருந்தாக்கூட எத்தினி பேர் கை போயிருக்கும்? பொம்பளைங்களுக்கு இன்னா கூலி குடுத்தான்?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு எந்த வரலாற்றுப் புத்தகத்தில் பதில் இருக்கிறது? ஆண்டவர்கள் பேர் வரிசையாய் இருக்கிறது. விஜயநகரத்தின் நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான், 1677-ல் சிவாஜி, எட்டு வருஷ முற்றுகைக்குப் பிறகு 1698-ல் மொகலாயர், 1714-ல் ஆற்காட்டு நவாபோடு சண்டை போட்டுச் செத்த தேசிங்கு, பிரெஞ்சுக்காரன், ஆங்கிலேயன். கொடி மாறிக்கொண்டே இருந்தது. கல் தூக்கினவளும், குதிரைக்குப் புல் அறுத்தவளும், செத்த மாட்டை இழுத்தவனும் எந்தக் கொடியின் கீழும் மாறவில்லை.

ராஜகிரி சுமார் 800 அடி. நாங்கள் ஏறி இறங்கி வருகிற வரைக்கும் அம்மா கல்யாண மகால் பக்கம் மர நிழலில் உட்கார்ந்திருந்தாள். இறங்கிவந்து சோறு சாப்பிடும்போது சின்னவன் மலைகளை எண்ணினான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. செஞ்சி என்றால் இந்த மூன்று மலைதான் என்று எல்லாரும் சொல்வார்கள். போகுமுன் நான் கொஞ்சம் படித்துவைத்திருந்தேன். "நாலாவதா ஒரு சின்னக் குன்று இருக்குடா. அதுக்கும் மதில் உண்டு. சக்கிலி துர்க்கம்னு பேரு. வடக்கத்தியான் சமார் டிக்ரின்னு சொல்லுவான். ரெண்டும் ஒரே அர்த்தம்தான்" என்றேன்.

அம்மா சிரித்துவிட்டாள். "சக்கிலியனுக்கு இன்னாடா கோட்டை?"

மகள் சிரிக்கவில்லை. கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தாள். "ஆயா, எங்க கிளாஸ்ல என் பக்கத்துல உக்கார்ற பொண்ணை இப்படித்தான் சொல்லிச் சிரிக்கறாங்க. அவங்கம்மா நம்ம தெருவுல குப்பை வண்டி தள்றாங்களே, அவங்க. உன்னையும் அப்பாவையும் ஊர்க்காரங்க சொல்றது வேற வார்த்தை. அதைச் சொன்னா நீ சும்மா இருப்பியா?"

கொஞ்ச நேரம் கழித்து அம்மா சொன்னாள்: "அந்தக் காலத்துல நாங்க அவங்க வூட்ல தண்ணி குடிக்க மாட்டோம். அப்படித்தான் வளத்தாங்க."

தோழர்களே, நான் எழுத உட்கார்ந்தது இந்த ஒரு வரிக்காகத்தான். கோட்டை, தண்ணீர், நாம். இந்த மூன்றும் ஏற்கெனவே ஒருமுறை சந்தித்திருக்கின்றன.

1934. அண்ணல் அம்பேத்கரும் இயக்கத் தோழர்களும் சுமார் முப்பது பேர் சுற்றுலா போனார்கள். ஆமாம், சுற்றுலா! வெருள் பௌத்தக் குகைகளைப் பார்க்கப் போகிற வழியில், நிஜாம் சமஸ்தானத்தில் இருந்த தௌலதாபாத் கோட்டை. வழியெல்லாம் புழுதி. கோட்டை வாசலுக்கு வெளியே நிறைந்து கிடந்த சின்னக் குளத்தில் முகம் கால் கழுவினார்கள். அனுமதி கேட்டு வாசலில் நிற்கும்போது, ஒரு முஸ்லிம் கிழவர் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார், தீண்டத்தகாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று. கூட்டம் கூடியது. இதைத்தான் உங்கள் மதம் சொல்லிக்கொடுக்கிறதா, நாளைக்கே ஒரு தீண்டத்தகாதவன் முஸ்லிமாகிவிட்டால் அவனையும் இந்தக் குளத்தில் தடுப்பீர்களா என்று அம்பேத்கர் கேட்டார். பதில் வரவில்லை. கடைசியில், உள்ளே எங்கேயும் தண்ணீரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு, துப்பாக்கிச் சிப்பாய் ஒருவன் காவலோடு, கோட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். உலகம் படித்த மேதைக்குச் சுற்றுலா வழிகாட்டி, துப்பாக்கி!

இந்தக் கதையைச் சேரிக் கூட்டங்களில் சொல்லும்போது நாம் எப்போதும் அம்பேத்கர் பக்கம் நின்றே கேட்கிறோம். அந்தக் கிழவர் பக்கம் நம்மை நிறுத்திப் பார்ப்பதில்லை. இஸ்லாத்தில் தீண்டாமை கிடையாது; ஆனாலும் சாதிகளின் நாட்டில் பிறந்ததால் அவர் கைக்கும் அது வந்து ஒட்டிக்கொண்டது. அப்படியென்றால் எங்கம்மா கைக்கு மட்டும் ஒட்டாமல் இருக்குமா? ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவள், இன்னொரு வீட்டுச் சொம்பைத் தொட மறுத்திருக்கிறாள். பார்ப்பனியம் நம்மை அடித்தது மட்டுமில்லை. நமக்குக் கீழே ஒரு படியைக் காட்டி அதில் காலை வைத்துக்கொள்ளச் சொன்னது. நாமும் வைத்துக்கொண்டோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி, அதற்கும் கீழே யாரும் எண்ணாத குன்று. இந்த வரிசை செஞ்சியில் மட்டும் இல்லை. 2009-ல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 18 சதவீதத்துக்குள் 3 சதவீதம் உள்ஒதுக்கீடு வந்தபோது நம்மிலேயே சிலர் முகம் சுளித்தார்கள், வழக்குக்குப் போனார்கள். 2024 ஆகஸ்டு 1-ல் ஏழு நீதிபதிகள் அமர்வு, பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செய்யலாம் என்று தீர்ப்புச் சொன்ன பிறகும் அந்த முணுமுணுப்பு அடங்கவில்லை. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தபோது நாம் கொதித்தோம். கொதித்தது நியாயம். அதே கொதிப்பு நம் வீட்டுச் சொம்பு விஷயத்தில் எங்கே போனது?

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் இன்னொரு கேள்வி கேட்டாள். அந்தப் பேரை மாற்றச் சொல்லிப் போராட வேண்டாமா? அரசாங்கப் பதிவேடுகளில் 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025-ல் அறிவித்தார்களே, அது மாதிரி?

நான் யோசித்துப் பார்த்தேன். என் கருத்து இது. மனிதரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்வது குற்றம், சட்டப்படியும் குற்றம். அதில் சமரசம் இல்லை. நாம் குடியிருக்கிற தெருவின் பேரை மாற்றுவதும் சரி. ஆனால் குன்றின் பேர் வேறு விஷயம். பிரான்சுக் குடியானவனுக்கு எரிப்பதற்கு ஏடு இருந்தது. அந்த ஏட்டில் அவன் பேர் இருந்தது. 1927 டிசம்பர் 25-ல் மகாடில் மனுஸ்மிருதியை எரித்தபோது நமக்கும் எரிக்க வேண்டியது எது என்று தெரிந்திருந்தது. ஆனால் இந்த நாட்டில் நம்மைப் பற்றி எழுதிவைத்தது கொஞ்சம். எரிக்க வேண்டியது ஒரு பங்கென்றால் தேடிக் காப்பாற்ற வேண்டியது பத்துப் பங்கு. 1892-ல் கொடுத்த பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போனாலும் பழைய பதிவேட்டைத்தானே தேட வேண்டியிருக்கிறது? செஞ்சியில் அருந்ததியர் இருந்தார்கள் என்பதற்கு மலைமேலேயே நிற்கிற சாட்சி அந்தப் பேர். அதைச் சுரண்டி எடுத்து ஏதோ ஒரு 'கிரி'யை வைத்துவிட்டால், மிச்சம் இருந்த ஒன்றும் போகும். ஆண்டவன் பேர் மட்டும் நிற்கும். பேரை அழிக்காதே, பேருக்குப் பக்கத்தில் வரலாற்றை எழுது. அதுதான் நம் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

எழுத என்ன இருக்கிறது என்பார்கள். ஒரு கோட்டையை நினைத்துப் பாருங்கள். சிப்பாய் காலுக்குச் செருப்பு, குதிரைக்குச் சேணம், கடிவாளம், வாளுக்கு உறை, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கத் தோல் சால், சண்டைக்கு முரசு. எல்லாம் தோல். தோல் வேலை நின்றால் ராஜாவின் பட்டாளம் வாசலைத் தாண்டாது. தேசிங்கு கதையை எங்கம்மா கூத்தில் கேட்டிருக்கிறாள். ராஜாவின் குதிரைக்குக் கதையில் இடம் உண்டு. அந்தக் குதிரைக்குச் சேணம் தைத்தவனுக்கு இடம் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாமும் ஆண்ட பரம்பரை என்று கிளம்புகிற நம் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அடிபட்டவனுக்கு நெஞ்சு நிமிர்த்த ஏதாவது வேண்டும். ஆனால் ஆண்டவன் என்றால் யார்? கூலி கொடுக்காமல் கல் தூக்கவைத்தவன். அந்த நாற்காலியில் நம் தாத்தாவை உட்காரவைத்துப் பார்ப்பதில் என்ன விடுதலை? எங்கம்மா கேட்டாளே, பொம்பளைங்களுக்கு இன்னா கூலி என்று, அந்தக் கேள்வியோடு கோட்டைக்குள் நுழைவதில்தான் நம் வரலாறு தொடங்குகிறது.

மாணவத் தோழர்களே, லீவு விட்டால் போங்கள். செஞ்சிக்கு, வேலூருக்கு, தரங்கம்பாடிக்கு. கடன் வாங்கிப் பிரான்சுக்குப் போக முடிந்தால் அதற்கும் போங்கள். ஓய்வும் நம் உரிமை. ஆனால் தனியாகப் போகாதீர்கள். கல் உடைத்த, செருப்பு தைத்த, வெட்டியான் வேலை பார்த்த பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். சுவரைப் பார்த்து அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு வாருங்கள். செஞ்சியைச் சுற்றியுள்ள அருந்ததியர் தெருக்களில் உட்கார்ந்து அந்தக் குன்றைப் பற்றிக் கேளுங்கள். உலகப் பாரம்பரியம் என்று பட்டம் வந்த கோட்டையில் அவர்கள் சொல்வதும் கல்லில் ஏற வேண்டும் என்று கையெழுத்து வாங்குவோம்.

பொங்கல் லீவில் மறுபடி போவதாக இருக்கிறோம். நாலாவது குன்றுக்கு. மகளின் தோழியையும் அவளுடைய அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறோம். வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். சோறு அவர்கள் வீட்டில் கட்டுவதாகப் பேச்சு.

எங்கம்மா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.