மலையேறி மிதித்துத்தான் தர்மம் செய்ய வேண்டுமா?

"அம்பதாயிரம், ஒரு லட்சம்னு சைக்கிள் வாங்குறானுக. அந்தப் பணத்தை அப்படியே அனாதை இல்லத்துக்குக் கொடுத்திட்டா என்ன? எதுக்கு மலை ஏறணும்?"

தொண்டுக்காகச் சைக்கிள் பயணம் போகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, காரியாபட்டியில் என் வயதுக்காரர்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் இதைக் கேட்பவர்களில் பாதிப் பேர் அனாதை இல்லத்துக்குப் பத்து ரூபாய் கொடுத்தும் நான் பார்த்ததில்லை.

நான் தபால்காரனாக வேலைக்குச் சேர்ந்தவன். மல்லாங்கிணறு பக்கம், ஆவியூர் பக்கம் என்று கரிசல் காட்டு வெயிலில் பையை மாட்டிக்கொண்டு மிதித்தவன். எதிர்காற்றில் மிதிப்பது என்னவென்று கால் மூட்டுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதனால் சைக்கிள் விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் பேச உரிமை உண்டு.

2008-ல் ஆரம்பித்து டிசம்பர் மாதங்களில் 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' என்று ஒரு பயணம் நடக்கிறது. பெங்களூரு, மைசூரு பக்கம் கிளம்பி, கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு என்று மலையும் காடுமாக எண்ணூறு, தொள்ளாயிரம் கிலோமீட்டர். சைக்கிள் ஆசைக்காக வருகிறவர்களோடு, தொண்டுக்கு நிதி திரட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அதில் எல்லோரும் பயப்படும் நாள் கல்லட்டி ஏறும் நாள். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு சுமார் 30 கிலோமீட்டர்தான். கூடலூர் வழி சுற்று. ஆனால் ஏற்றம் சாந்தமாக இருக்கும். கல்லட்டி நெட்டுக்குத்து. 36 கொண்டை ஊசி வளைவு. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் ஏற வேண்டும். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் எத்தனையோ வண்டிகள் கவிழ்ந்ததால், வெளியூர் வண்டிகளை அந்த வழியாகக் கீழே இறங்க விடுவதில்லை.

ஊட்டியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு டிசம்பரில் மருமகன் என்னை அந்தப் பாதையில் ஒரு வளைவில் கொண்டுபோய் நிறுத்தினார். குல்லாவும் சுவெட்டருமாக நான் நடுங்கிக்கொண்டிருக்கிறேன். ஏறி வருகிறவன் சட்டை பிழிந்தால் தண்ணீர் கொட்டும்போல் இருக்கிறது. பஸ்ஸில் போனால் இந்த ஏற்றம் தெரியாது. சைக்கிள் நடந்து போகிறவனைவிட மெதுவாக வருகிறது. மூச்சுச் சத்தம் முதலில் வருகிறது, ஆள் பிறகு வருகிறார். சின்னப் பையன்கள் சிலர் நிறுத்தி, ஹேண்டில்பாரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

நரைத்த தாடியோடு ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். பிளாஸ்கில் இருந்த டீயைக் கொடுத்தேன். கன்னட வாடையடிக்கும் தமிழில், "ரொம்ப நன்றி சார்" என்றார். எதுக்கு இந்தக் கஷ்டம் என்று நம்மூர்க் கேள்வியை அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "சும்மா போய் பணம் கேட்டா ஃபிரெண்ட்ஸ் அடுத்த மாசம் பார்க்கலாம்னு சொல்வாங்க சார். இந்த வயசுல கல்லட்டி ஏறப்போறேன்னு சொன்னா, உடனே கொடுக்கிறாங்க. நான் ஏற மாட்டேன்னு பந்தயம் கட்டிக் கொடுத்தவங்களும் இருக்காங்க" என்று சிரித்தார். டீயைக் குடித்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். இருபது மிதி மிதித்தார், மறுபடி இறங்கித் தள்ளினார்.

இது நமக்குப் புதிதா என்ன? இருக்கன்குடி மாரியம்மனுக்கு நடந்தே போகிறோம். பழனிக்குக் காவடி தூக்குகிறோம். பஸ்ஸில் போய் உண்டியலில் போட்டாலும் அதே காசுதான். உடம்பை வருத்தி ஒருவன் கேட்கும்போது, எதிரில் இருப்பவனின் கை தானாகப் பைக்குள் போகிறது. அந்தக் காலத்தில் ஊர் ஊராக வந்து, மைதானத்தில் இறங்காமல் நாள்கணக்கில் சைக்கிள் ஓட்டுவாரே ஒருவர், ஞாபகம் இருக்கிறதா? குளியல், சாப்பாடு எல்லாம் சைக்கிள் மேலேயே. கடைசி நாளில் சட்டையெல்லாம் ரூபாய் நோட்டைக் குத்திவிடுவோம். அவர் ஓட்டியது தன் வயிற்றுக்கு. அதையே கைதட்டிப் பார்த்த நாம், இன்னொருவன் வயிற்றுக்காக மிதிப்பவனைக் கேலி செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. வசூலான தொகை எவ்வளவு, டீ-ஷர்ட்டுக்கும் ஃபிளெக்ஸுக்கும் தங்கும் விடுதிக்கும் போனது எவ்வளவு, யாருக்காக ஏறினார்களோ அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு? இதை யார் நடத்தினாலும் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். கோயில் கும்பாபிஷேக வசூலுக்கே நோட்டீஸ் அடித்துக் கணக்கு ஒட்டுகிறோமே.

இன்னொன்று. நம் மாவட்டத்துப் பையன்களும் இப்போது கியர் சைக்கிள் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமாகப் போகிறார்கள். கொடைக்கானல், போடிமெட்டு என்று பேசிக்கொள்கிறார்கள். போகட்டும். ஆனால் யாருக்காக என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போகட்டும். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்ததில் நாற்பது பேர் வரை செத்தார்கள். செத்தவர்களுக்கு நிவாரணம் அறிவிப்பார்கள், பேப்பரிலும் வரும். ஒவ்வொரு விபத்திலும் கருகிப் பிழைத்தவர்கள் இருக்கிறார்களே, விரல் ஒட்டிக்கொண்டு, கழுத்தைத் திருப்ப முடியாமல், அவர்களுக்கு வருஷக்கணக்கில் வைத்தியம் வேண்டும். மதுரைக்குப் போய்வர பஸ் காசு வேண்டும். அந்தப் பிள்ளைகள் பிளஸ் ஒன்னில் வாங்கிய அரசாங்க சைக்கிள் டியூப் போய் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கும். அதைச் சரிபண்ணவும் யாராவது வேண்டும்.

இதற்காக ஒரு கூட்டம் மலையேறக் கிளம்பினால், கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் என் பென்ஷனிலிருந்து. கணக்கை மட்டும் பஸ் ஸ்டாண்டில் ஒட்டிவிடுங்கள்.