யாருக்குக் கை தட்டுவது?

சென்ற திங்கள் இப்பகுதியில் தத்கால் பயணச்சீட்டின் தொல்லைகளைப் பற்றி எழுதினோம். அதைப் படித்த அன்பர்கள் சிலர், "பொங்கலுக்கு ஊர் போய்ச் சேர வழி சொல்லும் ஐயா" என்று கடிதம் விடுத்துள்ளனர். விடையை அடுத்த இதழில் தருவோம். இம்முறை வாசகர்களை ஒரு ஹாக்கிப் பந்தயத்திற்கு அழைத்துச் செல்ல எண்ணம்.

"ஹாக்கியா? அதை இன்னுமா ஆடுகிறார்கள்?" என்று நம் அலுவலக நண்பரே கேட்டார். ஆடுகிறார்கள். 2021-ல் டோக்கியோவிலும் 2024-ல் பாரிஸிலும் நம் நாடு ஒலிம்பிக் வெண்கலம் பெற்றபொழுது இதே நண்பர்தாம் அலுவலகத்தில் எல்லோருக்கும் இனிப்பு வழங்கினார். ஆனால் அந்த வீரர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். யாரும் வந்து பாராத பள்ளிப் பந்தயங்களிலும் கல்லூரிப் பந்தயங்களிலும் ஆடி ஆடித்தான் அவ்விடத்தை எய்தினார்கள்.

கன்னாட் பிளேசிலிருந்து அனுமார் கோயில் வழியே சற்று நடந்தால் சிவாஜி விளையாட்டரங்கம். விமான நிலையத்திற்குச் செல்லும் மெட்ரோ தடத்தில் அதன் பெயராலேயே ஒரு நிலையமும் உண்டு. நாள்தோறும் அதில் ஏறி இறங்கும் நம்மவர்களுள் அரங்கினுள் அடி வைத்தவர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால் இரு கை விரல்கள் மிஞ்சும். 1964-ல் தொடங்கிய நேரு நினைவு ஹாக்கிப் பந்தயங்களைப் பல்லாண்டுகளாகக் கண்ட இடம் அது. கல்லூரிப் பந்தயத்திற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மார்கழி மாதத்து வெயிலில் அந்தப் படிகளில் அமர்ந்து வேர்க்கடலை உரிக்கும் இன்பத்திற்கே கட்டணம் வசூலிக்கலாம் என்பது நம் கருத்து.

ஹாக்கியைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர்கள் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். பந்தயத்திற்கு முன் செயற்கைப் புல்தரைக்கு நீர் பாய்ச்சுவார்கள். ஈரத்தின்மேல் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். மட்டை பட்ட இடமெல்லாம் நீர் சிதறும். கோலின் பின்னே 46 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பலகை இருக்கிறது. அதில் பந்து மோதும்பொழுது எழும் ஓசையைக் காதால் கேட்டவர் மறவார். இந்தச் செயற்கைத் தரை 1976-ல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் புகுந்தது. அதுவரை ஏழு தங்கம் வென்றிருந்த நாம் அவ்வாண்டு ஏழாம் இடத்திற்கு இறங்கினோம். 1980-ல் மாஸ்கோவில் எட்டாவது தங்கத்தை வென்று வந்த கோஷ்டிக்குத் தலைவர் நம் சென்னை பாஸ்கரன். தங்கம் அதற்குப் பின் வரவில்லை.

விடுமுறை நாளான ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் அரையிறுதிப் பந்தயம். தில்லிக் கல்லூரி ஒன்றை எதிர்த்து ஆட, தமிழ்நாட்டின் தென்கோடிக் கரிசல் சீமையிலிருந்து ஒரு கல்லூரிக் கோஷ்டி வந்திருந்தது. கோவில்பட்டி வட்டாரம் கடலைமிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் மட்டும் பெயர் பெற்றதன்று. அங்கே தெருவுக்குத் தெரு ஹாக்கி மட்டை உண்டு. வந்த பிள்ளைகளுள் பெரும்பாலோர் அப்பக்கத்தவர். மதுரையில் திருக்குறள் விரைவு வண்டி ஏறி, இரண்டு இரவுகள் கழித்து நிஜாமுதீனில் இறங்கி, குளிருக்கு ஒருவர் போர்வையை மற்றவர் இழுத்துப் போர்த்தி உறங்கியவர்கள். செய்தி எப்படியோ சங்கத்திற்கு எட்டிவிட்டது. நாம் போய்ச் சேர்ந்தபொழுது சங்கத்தவர் பதினொருவர் படிகளில் வரிசையாக அமர்ந்திருந்தனர். "ஒரு கோஷ்டிக்கு வேண்டிய ஆள் தேறிவிட்டது" என்றார் பொருளாளர்.

வரிசையின் ஓரத்தில் ஒருவர் மட்டும் தனியே இருந்தார். சங்கரன்கோவில்காரர். அரசு அலுவலகம் ஒன்றின் சிற்றுண்டிச் சாலையில் இருபத்தைந்து ஆண்டுகளாகச் சமையல் வேலை. சங்கத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பொங்கல் விழாவில் நாம் உண்ணும் சர்க்கரைப் பொங்கல் அவர் கைப்பக்குவம். "ஏன் அண்ணாச்சி, இங்கே வந்து எங்களோடு உட்காரலாமே" என்று அழைத்தோம். "இருக்கட்டும் சார்" என்று சொல்லி, தில்லிக் கல்லூரியின் கோலைச் சுட்டினார். தலைக்கவசமும் மார்க்கவசமும் பருத்த கால் மெத்தைகளுமாக அங்கே நின்றிருந்த கோல் காப்பாளன் அவருடைய மகன். அந்தக் கவசங்களை ஜலந்தரிலிருந்து, வேறொருவர் போட்டுக் கழித்ததாக, தவணையில் வாங்கிக் கொடுத்தவர் அண்ணாச்சி.

பையன் இங்கே பிறந்தவன். வீட்டில் தமிழ், வெளியில் இந்தி. கல்லூரியில் இது கடைசி ஆண்டு. இத்தகைய பந்தயங்களில் கண்ணில் பட்டால்தான் பல்கலைக்கழகக் கோஷ்டியில் இடம் கிட்டும். பல்கலைக்கழகங்களுக்கிடையே நடக்கும் போட்டியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கும்பொழுது வலு உண்டு. இரயில்வேயில் விளையாட்டு வளர்ச்சி வாரியம் 1928 முதல் இருக்கிறது. நம் பிரிவில் கோப்புப் புரட்டும் இருவர் மட்டையால் வேலை பெற்றவர்களே. ஆகவே நாம் வேர்க்கடலை உரித்துக்கொண்டு பார்த்த பந்தயம், அண்ணாச்சிக்கு மகன் எழுதும் பரீட்சை.

ஆட்டம் தொடங்கிற்று. முன்போல் 35 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகள் அல்ல. இப்பொழுது 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள். இரண்டாம் பகுதியில் தில்லிக் கல்லூரி ஒரு கோல் போட்டது. நம் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் "ஆஃப்சைடு! ஆஃப்சைடு!" என்று எழுந்து நின்று வாதாடினார். அந்த விதி 1990-களிலேயே நீக்கப்பட்டதைச் சொல்லி அவரை அமர்த்துவதற்குள் ஆட்டம் வெகுதூரம் போய்விட்டது.

பிறகு தென்னாட்டுப் பிள்ளைகளுக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. ஒருவன் கோல் கோட்டிலிருந்து பந்தை வட்டத்திற்கு வெளியே தள்ள, ஒருவன் நிறுத்த, ஒருவன் கோலுக்குள் இழுத்தெறிய வேண்டும். தடுப்பவர்கள் கோல் காப்பாளனையும் சேர்த்து ஐவர்தாம். தாக்குவோர் வழக்கமாகக் காதோடு காதாகப் பேசி, விரலால் குறி காட்டி முடிவு செய்வார்கள். இவர்களுக்கு அந்தத் தேவை தோன்றவில்லை. தில்லியில் தமிழ் யாருக்குத் தெரியும்? கூட்டமில்லாத அரங்கில் எங்கள் காதுவரை கேட்டது: "ஏலே, நேரா அடிக்காத. இடது பக்கம் தள்ளு, நான் பாத்துக்கிடுதேன்."

கவசத்தினுள் இருந்த காதிலும் அது விழுந்தது. தாக்குவோருக்கு இடது, தடுப்போருக்கு வலது அல்லவா? பையன் கணப்பொழுதில் அதைத் திருப்பிப் போட்டு, தன் தோழர்களை நோக்கி இந்தியில் "தாயே(ன்)! தாயே(ன்)!" என்று கூவினான். வலப்புறம் ஓடியவன் பந்தைப் பாதி வழியிலேயே மறித்துவிட்டான். மகன் வீட்டிற்கு அண்மையில் வந்திருந்த திருச்சிப் பெரியவர் ஒருவர், "இக்கட்டான வேளையில் தாயே, தாயே என்று அம்பாளை அழைக்கிறான் பாருங்கள், நல்ல பிள்ளை" என்று உருகினார். நாம் மறுத்துரைக்கவில்லை.

இரண்டாவது கார்னரும் அவ்வாறே போயிற்று. நம் வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. "நம் பாஷையை வைத்தே நம் பிள்ளைகளைக் கவிழ்க்கிறானே" என்றார் ஒருவர். "நம் பிள்ளை என்றால் இவன் யார்?" என்றார் மற்றொருவர். பொருளாளர் பொதுவாகக் கை தட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இவ்விடத்தில் நம் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறோம். தன்ராஜ் பிள்ளை 1968-ல் புணேவை அடுத்த கட்கியில் பிறந்தவர். பெற்றோர் தமிழர், தந்தை விளையாட்டுத் திடலைப் பராமரிக்கும் பணியாளர். உடைந்த மட்டையைக் கட்டிக்கொண்டு ஆடிப் பழகிய பிள்ளை நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். 1998-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் தலைவராக நின்று தங்கம் கொண்டுவந்தார். "நம் தன்ராஜ்" என்று மார் தட்டாத தமிழ்ச் சங்கம் உண்டா? ஆனால் 2005-ல் பிரிமியர் ஹாக்கி லீக் தொடங்கியபொழுது சென்னை வீரன்ஸ் என்று ஒரு கோஷ்டி இருக்க, அவர் ஆடியது மராத்தா வாரியர்ஸ் கோஷ்டிக்கு. அதில் வியப்பென்ன? அவரை ஆளாக்கியது அந்த மண். புகழ் வந்தபின் உறவு கொண்டாடுகிறோம். கட்கித் திடலில் வெறுங்காலோடு ஓடிய காலத்தில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? நம் இதழையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகளின் படங்கள் இரண்டு பக்கங்களுக்கு வருகின்றன. மட்டை பிடித்த பிள்ளையின் படம் ஒரு முறையும் வந்ததாக நமக்கு நினைவில்லை. அண்ணாச்சியின் மகன் கல்லூரிக் கோஷ்டிக்குக் கோல் காக்கிறான் என்பதே அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. ஆசிரியர் இவ்வரிகளை வெட்டமாட்டார் என நம்புகிறோம்.

மூன்றாம் பகுதியில் தென்னாட்டு முன்வரிசை ஆட்டக்காரன் ஒருவன் பந்தோடு வட்டத்திற்குள் பாய்ந்து வந்தான். கோல் காப்பாளன் குறுக்கே விழுந்து காலால் பந்தை உதைத்துத் தள்ளினான். வந்தவன் அவன்மேல் இடறிக் குப்புற விழுந்தான். முழங்கால் தேய்ந்து இரத்தம். நம் பையன் எழுந்து, கையுறையைக் கழற்றி அவனைத் தூக்கி, "ரொம்ப வலிக்குதா? நடக்க முடியுமா?" என்று கேட்டான்.

விழுந்தவன் வலியை மறந்து அவன் முகத்தையே பார்த்தான். பிறகு தன் தலைவனைப் பார்த்தான். தலைவன் மட்டையைத் தரையில் ஊன்றி நின்று சிரித்துவிட்டான்.

அதற்குப் பின் அவர்கள் வாய் திறக்கவில்லை. நான்காம் பகுதி முடியச் சில நிமிடங்களே இருக்கையில் மீண்டும் ஒரு கார்னர். இம்முறை விரல் மட்டும் அசைந்தது. இழுத்தெறிந்த பந்து கோலின் இடது மூலையில் போய்ப் புகுந்தது. நம் வரிசை துள்ளி எழுந்தது. பெரியவர்கள் விசிலடித்தனர். அண்ணாச்சி எழவில்லை. மடியிலிருந்த தூக்குச் சட்டியின் மூடியை அழுத்தி மூடினார். அது முன்பே மூடித்தான் இருந்தது.

சமன் என்பதால் ஷூட்-அவுட். ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஐந்து பேர். ஒவ்வொருவரும் 23 மீட்டர்க் கோட்டிலிருந்து தனியே பந்தைக் கொண்டுவந்து எட்டு வினாடிக்குள் கோல் காப்பாளனை ஏமாற்ற வேண்டும். எட்டு வினாடி என்பது எவ்வளவு நீண்ட காலம் என்பதை அறிய விரும்புவோர், கோல் காப்பாளனின் தகப்பனுக்குப் பக்கத்தில் அமர்ந்து பார்க்க வேண்டும். பையன் முதல் இருவரைத் தடுத்தான். அடுத்த மூவரைத் தடுக்க இயலவில்லை. எதிர்ப்புறத்தில் தில்லிப் பிள்ளைகள் மூன்றைக் கோட்டை விட்டனர். 3–2. தென்னாடு வென்றது.

நாம் வென்றவர்களுக்கும் கை தட்டினோம், கோல் காத்தவனுக்கும் கை தட்டினோம். இரு தரப்பாரிடமும் ஏச்சு வாங்கினோம். "அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஜெயித்திருக்கலாம் அண்ணாச்சி" என்று ஒருவர் ஆறுதல் போலச் சொன்னார். அண்ணாச்சி அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "விழுந்த பிள்ளையை எந்தப் பாஷையில் தூக்குறது சார்?" என்று கேட்டார். கேட்டவர் வேர்க்கடலைப் பொட்டலத்துள் பார்வையைச் செலுத்தினார்.

வேலிக்கருகே பிள்ளைகள் கூடிவிட்டார்கள். கடலைமிட்டாய்ப் பொட்டலம் ஒன்று கைமாறிற்று. "உனக்கு எந்த ஊரு?" என்று முழங்காலில் கட்டுப் போட்டவன் கேட்க, மகன் "தில்லி" என்றும் தந்தை "சங்கரன்கோவில்" என்றும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

இதற்கிடையில் கோஷ்டியை அழைத்து வந்த உடற்பயிற்சி ஆசிரியர் நம் தொழிலை யாரிடமோ கேட்டறிந்து நம்மைத் தேடி வந்தார். முகத்தில் வெற்றிக் களிப்பைக் காணோம். இறுதிப் பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் ஊர் திரும்ப முன்பதிவு செய்திருந்ததோ சனிக்கிழமை வண்டிக்கு. இறுதிவரை வருவோம் என்று எவரும் எண்ணவில்லையாம். பதினெட்டுப் பேருக்கு, அதுவும் ஆண்டிறுதியில், மறு வண்டியில் படுக்கை கேட்டால் எங்கே போவது? அவசர ஒதுக்கீட்டுக்கு மனு எழுதும் முறையைச் சொல்லி, அங்கேயே படியில் அமர்ந்து எழுதியும் கொடுத்தோம். ஒன்பது படுக்கைகள் கிடைத்தன. ஒரு படுக்கைக்கு இருவர் என்று போய்ச் சேர்ந்தார்கள்.

தங்குவதற்குச் சங்கக் கூடத்தைத் திறந்துவிடச் செயலாளர் இசைந்தார். உணவுக்கு என்ன செய்வதென்று அவர் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே அண்ணாச்சி தூக்குச் சட்டியோடு எழுந்து, காய்கறி வாங்கப் புறப்பட்டுவிட்டார். இரண்டு நாளும் சமையல் அவருடையது. மகன் உடன் நின்று வெங்காயம் உரித்தான்.

ஞாயிறன்று பஞ்சாபிலிருந்து வந்த கல்லூரியிடம் நம் பிள்ளைகள் 4–1 என்று தோற்றார்கள். அன்று சங்கத்தவர் முப்பது பேருக்கு மேல் வந்திருந்தனர். கோல் காப்பாளன் நம் வரிசையில் அமர்ந்து, ஒவ்வொரு கார்னரிலும் பஞ்சாபியர் என்ன செய்யப்போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று முறை சரியாகவே சொன்னான். பல்கலைக்கழகத் தேர்வு தை மாதம் என்று தெரிகிறது.