உங்கள் காருக்கு எந்த பிளக்?

மோட்டார் சாமான் கடையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். வேடிக்கையாக இருக்கும்.

ஒருவர் வருவார். "காருக்கு பிளக் ஒரு செட் கொடுங்கள்" என்பார். "என்ன வண்டி?" என்று கேட்பார் கடைக்காரர். வண்டியின் பெயரைச் சொன்னதும் ஒரு பெட்டியை எடுத்து வைப்பார். "இதைவிட உசத்தியாக இருக்கிறதா?" என்பார் வந்தவர். இல்லாமல் என்ன? இன்னொரு பெட்டி வரும். விலை மூன்று மடங்கு. வந்தவருக்குப் பரம திருப்தி. பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

பிளக்கின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை!

செருப்பு வாங்கப் போனால் காலில் போட்டு நாலு அடி நடந்து பார்க்கிறோம். மூக்குக் கண்ணாடி வாங்கப் போனால் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டுகிறோம். அடுத்த வீட்டுக்காரரின் கண்ணாடி விலை உயர்ந்தது என்பதற்காக அதை வாங்கி மாட்டிக் கொள்வோமா? பிளக்கும் மூக்குக் கண்ணாடி மாதிரிதான். உசத்தி, மட்டம் என்ற பேச்சு பிறகு. பொருந்துமா, பொருந்தாதா என்பதே முதல் கேள்வி.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் மைத்துனன் நஷ்டப்பட்டதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஏற்காட்டு மலையில்...

1996ஆம் வருஷம், மே மாதம். சேலத்தில் இருந்த என் மனைவியின் தம்பி, ஒரு பழைய பெட்ரோல் கார் வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். முகூர்த்த மாதம். ஒரு நாள்கூட வண்டி சும்மா நிற்காது. அந்த வருமானத்தில்தான் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளமும் நடந்தன.

பிளக் பழசாகிவிட்டது. மாற்றலாம் என்று கடைக்குப் போனான். வண்டியில் இருந்தது ஜப்பான் கம்பெனிக் கணக்கில் 6ஆம் எண் பிளக். அது கடையில் இல்லை. கடைக்காரர் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். அது ஜெர்மன் கணக்கு; எண் 9.

"நம்பர் வேறாக இருக்கிறதே?" என்று கேட்டானாம்.

"மரை ஒன்றுதான். உள்ளே சரியாகப் போகும். பழசு 6, இது 9. நம்பர் பெரிசு, பவரும் பெரிசு!" என்றாராம் கடைக்காரர்.

மாட்டினான். வண்டி கிளம்பியது. டவுனுக்குள் பத்து நாள் ஒரு குறையும் இல்லை. பதினோராவது நாள் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்குப் புறப்பட்டான். அந்த மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நல்ல வெயில். பாதி மலை ஏறுவதற்குள் என்ஜினில் 'டக டக' என்று ஒரு சத்தம். ஓரமாக நிறுத்திச் சாவியைத் திருப்பினான். சாவியை எடுத்த பிறகும் என்ஜின் நிற்கவில்லை! குலுங்கிக் குலுங்கி ஓடிவிட்டுப் பிறகுதான் நின்றது.

அங்கேயே அவன் விட்டிருக்க வேண்டும். வந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். ஆறியதும் மறுபடி கிளப்பினான். இன்னும் நாலு வளைவு. பிறகு சக்தி போயிற்று, புகை கிளம்பிற்று. வண்டியைக் கயிறு கட்டித்தான் கீழே இழுத்து வந்தார்கள்.

ஒர்க்ஷாப்பில் கழற்றிப் பார்த்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மூன்றாவது பிஸ்டனின் தலையில் சுண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. மெக்கானிக் என்னிடம் பிஸ்டனைக் காட்டவில்லை. பிளக்கைக் காட்டினார். அதன் பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது. முனை உருகியிருந்தது.

வண்டி தயாராகப் பதினெட்டு நாள் ஆயிற்று. அதற்குள் முகூர்த்தங்கள் போய்விட்டன. "கடைக்காரன் சொன்னதைக் கேட்டேன், மாமா" என்றான் மைத்துனன். வேறு என்ன சொல்வான்?

சூடு எது? குளிர்ச்சி எது?

நடந்தது என்ன? கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். விஷயம் கஷ்டமானது அல்ல.

பெட்ரோல் என்ஜினில் காற்றும் பெட்ரோலும் கலந்து சிலிண்டருக்குள் வருகின்றன. பிஸ்டன் அதை அமுக்குகிறது. சரியான நேரத்தில் பிளக் ஒரு பொறியைத் தட்டுகிறது. கலவை பற்றிக்கொள்கிறது. என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு பிளக்கும் விநாடிக்கு 25 தடவை பொறி தட்டவேண்டும். பாட்டரியில் இருப்பது 12 வோல்ட். காயில் அதை ஆயிரக் கணக்கான வோல்ட்டாக உயர்த்தி பிளக்குக்கு அனுப்புகிறது. கட்டை விரல் மொத்தமுள்ள சாமானுக்கு எவ்வளவு வேலை, பாருங்கள்! இப்படி உயர் அழுத்த மின்சாரத்தால் பொறி தட்டும் ஏற்பாட்டை ஜெர்மனியில் பாஷ் கம்பெனியின் என்ஜினீயர் ஹோனால்ட் 1902ஆம் ஆண்டில் சரிப்படுத்திக் கொடுத்தார். அதன் பிறகே மோட்டார் என்ஜின்கள் வேகமாக ஓட ஆரம்பித்தன.

பொறி தட்டுவது பாதி வேலை. வாங்கிய உஷ்ணத்தை வெளியே தள்ளுவது மீதிப் பாதி. பிளக்கின் முனை சுமார் 450 முதல் 850 டிகிரி வரை உஷ்ணத்தில் இருக்கவேண்டும். 450க்குக் கீழே போனால் கரி எரியாமல் முனையில் அப்பிக்கொள்ளும், பொறி வராது. 850ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் முனை நெருப்புக் கங்கு மாதிரி ஆகிவிடும். அப்புறம் பொறிக்காக யார் காத்திருக்கிறார்கள்? அந்தக் கங்கிலேயே கலவை முன்கூட்டிப் பற்றிக்கொள்ளும். பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே வெடிப்பு அதைக் கீழே தள்ளும். அலுமினியப் பிஸ்டன் எத்தனை நேரம் தாங்கும்?

இந்த உஷ்ணத்தைத் தீர்மானிப்பது பிளக்கின் உள்ளே இருக்கும் பீங்கான் மூக்கு. மூக்கு நீளமாக இருந்தால் உஷ்ணம் வெளியேற நேரமாகும்; அது 'சூடான' பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் உஷ்ணம் சீக்கிரம் இறங்கிவிடும். அது 'குளிர்ந்த' பிளக். அதிகம் சூடாகிற என்ஜினுக்குக் குளிர்ந்த பிளக் வேண்டும். மிதமாக ஓடுகிற என்ஜினுக்குச் சூடான பிளக் வேண்டும். வெயிலில் வந்தவனுக்கு மோர், மழையில் நனைந்தவனுக்குச் சுக்குக் கஷாயம் என்று நம் வீடுகளில் கொடுப்பதில்லையா? அந்தக் கணக்குத்தான்.

எண்ணில் இருக்கும் வம்பு

இனிமேல்தான் வம்பு. பிளக்கின் மேல் இருக்கும் எண் இந்தச் சூட்டைக் குறிக்கிறது. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறு! ஜப்பானின் என்.ஜி.கே., டென்சோ கணக்கில் எண் ஏற ஏறப் பிளக் குளிர்ச்சி. ஜெர்மனியின் பாஷ், அமெரிக்காவின் சாம்பியன் கணக்கில் எண் ஏற ஏறப் பிளக் சூடு. என்.ஜி.கே. 6 என்பதற்கு ஏறக்குறைய ஈடானது டென்சோவில் 20, பாஷில் 7. மைத்துனனுக்குக் கிடைத்த 9, அவன் வண்டி கேட்டதைவிட இரண்டு படி சூடானது. டவுனில் மெதுவாக ஓடியபோது தெரியவில்லை. மலையில் பாரத்தோடு ஏறியபோது தெரிந்துவிட்டது.

இன்னொரு கூத்தும் உண்டு. பாஷ் கம்பெனியே பழைய நாளில் 145, 175, 225 என்று எண் போட்டது. அப்போது எண் ஏறினால் குளிர்ச்சி. பிறகு முறையைத் தலைகீழாக மாற்றிவிட்டார்கள். நம் ஊர்ப் பழைய மெக்கானிக்குகள் பெங்களூர் மைக்கோ பிளக்கில் கை பழகியவர்கள். 1951இல் தொடங்கிய அந்த மைக்கோதான் 2008இல் பாஷ் என்றே பெயர் மாற்றிக்கொண்டது. அவர்களில் சிலர் பழைய கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு புதுப் பெட்டியைப் படிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. உலகம் முழுவதற்கும் ஒரே கணக்கு வைக்காத கம்பெனிகளைத்தான் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் இப்படி நடந்தால் சும்மா இருப்போமா?

எழுத்துக்களுக்கும் அர்த்தம் உண்டு. பி.பி.ஆர்.6.இ.எஸ். என்ற என்.ஜி.கே. பிளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 'பி' மரையின் குறுக்களவு 14 மில்லிமீட்டர் என்பதைச் சொல்கிறது. அடுத்த 'பி' பீங்கான் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைச் சொல்கிறது. 'ஆர்' என்றால் உள்ளே மின்தடை இருக்கிறது. அது இல்லாவிட்டால் ரேடியோ கரகரக்கும், இந்தக் காலத்து வண்டியில் கம்ப்யூட்டரே குழம்பும். 6 சூட்டு எண். 'இ' மரையின் நீளம் 19 மில்லிமீட்டர்.

இந்த நீளம் சாதாரண விஷயம் அல்ல. 14 மில்லிமீட்டர் மரையிலேயே 12.7 மில்லிமீட்டர் நீளமுள்ள பிளக்கும் உண்டு. குட்டை பிளக் இருக்க வேண்டிய இடத்தில் நீளமானதை மாட்டினால் பிஸ்டனே வந்து முட்டலாம். "மரை சரியாகப் போகிறது" என்பது ஒரு சமாதானமே அல்ல. பூட்டுக்குள் நுழைகிற சாவியெல்லாம் பூட்டைத் திறந்துவிடுகிறதா?

இரிடியம் மோகம்

இப்போது 'இரிடியம்' பிளக் என்று ஒரு மோகம் வந்திருக்கிறது. அதைப் போட்டால் வண்டி பறக்கும் என்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு.

இரிடியம் 2,446 டிகிரியில்தான் உருகும். நிக்கல் 1,455 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே இரிடிய முனையை ஊசி மாதிரி மெல்லியதாகச் செய்யலாம், சீக்கிரம் தேயாது. மெல்லிய முனையில் பொறி சுலபமாகக் கிளம்பும். நிக்கல் பிளக்கைவிடப் பல மடங்கு தூரம் உழைக்கும். இதெல்லாம் உண்மை. கம்பெனிக்காரனே இரிடியம் போட்டு அனுப்பிய வண்டிக்கு இரிடியம்தான் போடவேண்டும். காசைப் பார்த்து நிக்கலுக்கு இறங்கக் கூடாது.

ஆனால் நிக்கல் பிளக்குக்கென்று செய்த பழைய என்ஜினில் இரிடியம் போட்டால் குதிரைச் சக்தி கூடிவிடுமா? கூடாது. நல்ல நிலையில் உள்ள என்ஜினில் நல்ல நிக்கல் பிளக் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்யும். "போட்டதும் வண்டி எப்படி இழுக்கிறது தெரியுமா!" என்பவர்கள், தேய்ந்துபோன பிளக்கைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டவர்கள். பத்தில் ஒரு பங்கு விலைக்குப் புது நிக்கல் போட்டிருந்தாலும் அப்படித்தான் இழுத்திருக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன். என்ஜினை உச்சியில் இருந்து கழற்றினால்தான் பிளக்கை எட்ட முடியும் என்று சில வண்டிகள் இருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் கூலியை மிச்சப்படுத்த இரிடியம் போட்டால் அது நியாயம்.

இரிடியம் முனையைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கிறார்கள் சில ஒர்க்ஷாப்புகளில். அந்த ஊசி முனை தாங்காது. கொடுத்த காசு போயிற்று என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

விலை உயர்ந்த பிளக்கில் இன்னொரு ஆபத்து, போலி. பெட்டியும் அச்சும் அசல் மாதிரியே இருக்கும். கம்பெனி விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். பில் இல்லை என்றால் வாங்காதீர்கள்.

பழைய பிளக்கைக் கேளுங்கள்

ஒர்க்ஷாப்பில் பிளக் மாற்றினால், கழற்றிய பிளக்குகளை வாங்கிப் பாருங்கள். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது போலத்தான். முனை லேசான பழுப்பு நிறமாக இருந்தால் என்ஜின் சுகம். கறுப்பாக, உலர்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது பிளக் குளிர்ச்சி அதிகம். எண்ணெய்ப் பசை இருந்தால் ஆயில் உள்ளே கசிகிறது. அதற்கு எந்த பிளக்கும் மருந்து ஆகாது. வெளுத்திருந்தால் உஷ்ணம் அதிகம். உடனே காரணம் தேடவேண்டும்.

இடைவெளியையும் கவனிக்க வேண்டும். பழைய வண்டிகளுக்கு 0.6 அல்லது 0.7 மில்லிமீட்டர், புது வண்டிகள் பலவற்றுக்கு 0.8 முதல் 1.1 வரை. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். இடைவெளி கூடினால் மேட்டில் ஏறும்போது பொறி தவறும். இந்தக் காலத்து வண்டியில் பொறி தவறினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும். அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். சி.என்.ஜி.யில் ஓடும் வண்டிக்குப் பொறி தாண்டுவது இன்னும் சிரமம். அதற்கு என்ன பிளக், எவ்வளவு இடைவெளி என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாட்டும்போது என்ஜின் ஆறியிருக்கட்டும். முதலில் கையாலேயே திருகுங்கள். கையால் போகாவிட்டால் மரை குறுக்கே ஏறுகிறது என்று அர்த்தம். கடைசியில்தான் ஸ்பானர். பலசாலிகளால் கெட்டுப்போன சிலிண்டர் ஹெட்டுகள் ஏராளம்!

டீசல் கார்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே பொறியே கிடையாது. மின்சாரக் கார்க்காரர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டியே போயிருப்பார்கள். ஆனால் தெருவில் ஓடும் பெட்ரோல் வண்டிகள் இன்னும் கோடிக் கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பல, ஒரு குடும்பத்தின் அன்றாடச் சோறு.

போன மாதம் என் காருக்கு பிளக் வாங்கப் போனேன். கடையில் பெரியவர் இல்லை. இருபது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். வண்டிப் பெயரைச் சொன்னேன். "பழைய பிளக் கொண்டு வந்தீங்களா சார்?" என்று கேட்டான். எனக்கு ஆச்சரியம். எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து எண்ணைப் படித்தான். பட்டியலை எடுத்து, என் வண்டிக்கு நேரே இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டான். அலமாரியைத் துழாவினான்.

"இது ஸ்டாக் இல்லை சார். இதே அளவில் வேற நம்பர் இருக்கு. ஆனா உங்க வண்டிக்கு வேண்டாம். நாளைக்கு வாங்க, வரவழைச்சு வைக்கிறேன்" என்றான்.

மறுநாள் மூன்று மைல் திரும்பவும் போய் அவனிடமே வாங்கினேன்.